படம் எழுதிய மேளமும் ஒரு முதியவரின் வாக்குமூலமும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கருத்துப் பகுதிக்குச் சண்டைக்கு வர வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு செயற்பாடு கொடுத்தேன். "வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அது யாருடையது, எதற்குப் பாவித்தது என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். பாக்குவெட்டி, படிக்கம், தராசுப் படி, வாப்பும்மாவின் வெள்ளிக் கொலுசு என்று மேசை நிரம்பியது. ஒரு பிள்ளை மட்டும் துணியில் சுற்றி ஒரு றபான் கொண்டு வந்திருந்தாள். தோல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மரச் சட்டத்தின் உள்பக்கம் கறுப்பு மையால் அரபு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. அரபுத் தமிழ் போலத் தெரிந்தது. பாதி அழிந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்கு மகள்?"

"தெரியாது சேர். எங்கட மூத்தவாப்பாட. அவர் பாவாமாரோட போற. நோன்புக்கு ஸஹருக்கு எழுப்புறதாம். அவருக்குத்தான் தெரியும். மவுத்தாகி மூணு வருஷம்."

அவளுடைய கொப்பியில் 'எதற்குப் பாவித்தது' என்ற இடத்தில் விடை இருந்தது. 'என்ன எழுதியுள்ளது' என்ற இடம் வெற்றிடம்.

அன்று ஆசிரியர் அறையில் ஒருவர், "இதெல்லாம் ஸ்கூலுக்குள்ள எடுத்தா பிள்ளைகள் குழம்பிப் போகும். பழசுகள விட்டுடுவம்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. அவருடைய பயம் எனக்கு விளங்கும். அவருக்கு அந்த இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படிக்கும் காலத்தில் வாசித்த வேறொரு மேளத்தின் கதைதான் அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நமது றபானுக்கும் அந்த மேளத்துக்கும் உறவு எதுவும் இல்லை. இரண்டும் கையில் ஏந்தும் மேளம். அவ்வளவுதான் ஒற்றுமை. ஆனால் அந்தக் கொப்பியின் வெற்றிடத்தைப் பற்றி அந்தக் கதை நிறையச் சொல்கிறது.

பனி நாட்டின் மேளம்

ஐரோப்பாவின் வடக்கு உச்சியில், நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளிலும் பரந்து வாழும் ஒரு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். பெயர் ஸாமி. நமது மொழியின் 'சாமி'க்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முன்பு வெளியார் அவர்களை 'லாப்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள். மீன்பிடியும் வேட்டையும் துருவ மான் மேய்ப்பும் அவர்களுடைய வாழ்க்கை. குளிர்காலத்தில் வாரக்கணக்காகச் சூரியனே எழும்பாத நிலம் அது.

இந்த மக்களிடம் ஒரு மேளம் இருந்தது. வட பகுதியில் அதை கொவ்டிஸ் என்றார்கள். தென் பகுதியில் கீவ்ரி என்றார்கள். வடக்கில் பைன் மரத்தின் முண்டைக் குடைந்து, கோப்பை போலச் செய்தார்கள். பின்பக்கம் கை பிடிக்க இரண்டு துளைகள் விட்டார்கள். தெற்கில் மரப் பட்டியை வளைத்துச் சட்டம் செய்தார்கள். நமது றபானின் சட்டம் போலத்தான். மேலே துருவ மான் கன்றின் தோல். அடிப்பதற்கு மான் கொம்பில் செதுக்கிய சிறிய சுத்தியல்.

தோலை அப்படியே விடவில்லை. ஆல்டர் என்னும் மரத்தின் பட்டையை வாயில் மென்றால் உமிழ்நீரோடு சேர்ந்து சிவந்த சாறு வரும். அந்தச் சாறுதான் மை. அதைத் தொட்டுத் தோல் முழுவதும் படம் எழுதினார்கள். சின்னச் சின்னக் கோட்டுருவங்கள்: மான், கரடி, மீன், ஓடம், கூடாரம், பனிச்சறுக்கில் போகும் மனிதன். இடி முழக்கும் தெய்வம், காற்றை ஆளுபவன், பிள்ளைப்பேற்றைக் காக்கும் பெண் தெய்வங்கள், இறந்தவர்களின் உலகம். தென் பகுதி மேளங்களில் நடுவே சரிந்த சதுரமாகச் சூரியன் இருக்கும். அதிலிருந்து நான்கு திசைக்கும் கதிர்கள் ஓடும். மற்றவை எல்லாம் அதைச் சுற்றி நிற்கும். வட பகுதி மேளங்களில் தோலைக் கோடு போட்டு அடுக்கடுக்காகப் பிரித்திருப்பார்கள். மேலே ஓர் உலகம், கீழே இன்னோர் உலகம்.

அவர்கள் பார்த்ததும் நம்பியதும் அஞ்சியதும் உழைத்ததும் அந்த ஒரு சாண் இரண்டு சாண் தோலில் இருந்தன. எழுத்து இல்லாத மக்களின் புத்தகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. புத்தகத்தை எழுத்துத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். இந்த மேளத்தின் படங்களுக்குப் பொது அகராதி கிடையாது. ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக்கு ஏற்ப எழுதிக்கொண்டது. எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிப் பாவித்தார்கள்? பித்தளையிலோ கொம்பிலோ செய்த ஒரு வளையத்தைத் தோலின் மேல் வைத்து, சுத்தியலால் மெல்ல அடிப்பார்கள். தோல் அதிர, வளையம் நகர்ந்து நகர்ந்து ஏதோ ஒரு படத்தில் போய் நிற்கும். வேட்டைக்கு எந்தப் பக்கம் போவது, நோய் எதனால் வந்தது, தூரத்தில் இருப்பவர் நலமா என்று அதை வைத்துச் சொல்வார்கள். நொவாய்டி எனப்படும் அவர்களுடைய சமயத் தலைவர், மேளத்தை வேகமாக அடித்து தன்னை மறந்த நிலைக்குப் போய், ஆன்மா வேறு உலகங்களுக்குப் பயணம் செய்வதாக நம்பினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறி பார்ப்பதை நமது மார்க்கம் ஏற்காது. நானும் ஏற்கவில்லை. அதில் விவாதம் இல்லை. ஆனால் நாம் ஏற்காத ஒரு நம்பிக்கையை நேர்மையாக விளங்கிக்கொள்வதும் வரலாற்றுப் பாடத்தின் வேலைதான். அதைச் செய்யத் தவறியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே மிச்சக் கதை.

பயந்த அரசுகள்

17ஆம் நூற்றாண்டில் நோர்வே டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. சுவீடன் தனிப் பேரரசு. இரண்டும் லூதரன் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ அரசுகள். இரண்டுக்கும் வடக்கு நிலம் வேண்டும், அதன் வரி வேண்டும், மீன் வேண்டும், கனிமம் வேண்டும். அங்கே வாழ்பவர்கள் தம்முடைய குடிகளாக, தம்முடைய சமயத்தில் இருக்க வேண்டும் என்றும் நினைத்தன. 1609இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான், ஸாமிகளில் சூனியம் செய்வோருக்கு இரக்கமின்றி மரண தண்டனை கொடுக்கும்படி வடக்கே கட்டளை அனுப்பினார்.

நோர்வேயின் வட கோடியான பின்மார்க்கில் அந்த நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 3000 பேர் மட்டுமே. அந்தச் சின்னச் சனத்தொகையில் 135 பேர் மீது சூனிய வழக்கு வந்தது. 91 பேர் கொல்லப்பட்டார்கள். கூடுதலானோர் நோர்வேஜியப் பெண்கள். ஸாமிகளில் அகப்பட்டவர்களில் ஆண்களே அதிகம். காரணம் மேளம். 2011இல் வார்டோ என்ற ஊரில் இந்த 91 பேருக்கும் ஒரு நினைவிடம் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு சிறிய யன்னல், ஒவ்வொரு யன்னலிலும் ஒரு விளக்கு.

சுவீடன் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கையானது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் வென்றதற்கு ஸாமிகளின் சூனியமே காரணம் என்று ஐரோப்பாவில் ஒரு கதை பரவியிருந்தது. அந்த அவப்பெயரைப் போக்க, உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஹன்னஸ் ஷெஃபெரஸிடம் ஸாமிகளைப் பற்றி ஒரு நூல் எழுதும்படி கேட்டார்கள். 1673இல் 'லப்போனியா' என்ற பெயரில் இலத்தீனில் வெளிவந்தது. அவர் வடக்கே போய்ப் பார்த்து எழுதியவர் அல்ல. அங்கே இருந்த பாதிரிமார் அனுப்பிய அறிக்கைகளை வைத்து எழுதினார். அடுத்த சில வருடங்களில் ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு, டச்சு மொழிகளுக்கும் போனது. சூனியக் கதையை முடித்துவைக்க எழுதிய நூலில் வாசகர்கள் மிக விரும்பி வாசித்த பகுதிகள் எவை தெரியுமா? மேளமும் மந்திரமும்தான்.

இதை வாசிக்கும்போது எனக்கு நம்முடைய வரலாறு ஞாபகம் வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும், கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதையும் நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் செய்தியை நாம் யாரிடமிருந்து எடுக்கிறோம்? குவெய்றோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியாரின் நூலிலிருந்து. அவரும் 1680களில் கோவாவில் இருந்து எழுதினார். இலங்கைக்கு வந்ததில்லை. நம்மை வெளியேற்றியவர்களின் தரப்புப் பேனாவால்தான் நம்முடைய அந்தக் கால வரலாறு கிடைக்கிறது. ஸாமிகளின் நிலையும் அதுவே. அதனால்தான் இந்தக் கதை எனக்கு வெகுதூரத்துக் கதையாகப் படவில்லை.

1692, வாட்சோ நீதிமன்றம்

இப்போது அந்த முதியவரிடம் வருகிறேன். பெயர் அன்டெர்ஸ் பவுல்சன். ஸாமிகள் அவரை பொவாலா ஆந்தே என்பார்கள். சுவீடன் பக்கத்தில் பிறந்து, நோர்வேயின் வராங்கர் கடற்கரைப் பகுதிக்கு வந்து வாழ்ந்தவர். 1691 டிசம்பர் 7ஆம் திகதி அவருடைய மேளத்தைப் பறித்தார்கள். அடுத்த பெப்ரவரியில் வாட்சோ என்ற ஊரில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அப்போது அவர் தள்ளாத வயதுக்காரர்.

நீதிமன்றம் கேட்டது: இந்த மேளத்தில் இருக்கும் படங்கள் என்ன? ஒவ்வொன்றாகச் சொல்.

அவர் சொன்னார். எழுத்தர் டேனிஷ் மொழியில் எழுதிக்கொண்டார். ஐந்து வரிசைகள். இது இடியின் உருவம். இது காட்டு மான். இது சூரியன். இது கடவுளின் மகன். இது பிதா. இது பரிசுத்த ஆவி. இது மரியாள். இவை நத்தார் நாட்கள். இது தேவாலயம், இவர்கள் அதற்குப் போகிறவர்கள். கடைசி வரிசையில் இது நரகம், இது அதன் நெருப்பு, இது ஷைத்தான்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள். தாயிடம் என்றார். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவவே இதைக் கற்றேன், நல்லதுக்கே பாவித்தேன் என்றார். அடித்துக் காட்டு என்றார்கள். அவர் சிலுவை அடையாளம் இட்டு, கிறிஸ்தவர்களின் பிரார்த்தனையைச் சொல்லி, பிறகு மேளத்தை அடித்துக் காட்டினார்.

இதை ஒரு தடவை மனதில் கற்பனை செய்து பாருங்கள். தன் தாய் கற்றுத் தந்த ஒன்றை, தன்னை எரிக்க அதிகாரம் உள்ளவர்கள் முன்னால், அவர்கள் கேட்க விரும்பும் விதமாக விளக்கிக்கொண்டிருக்கிறார் ஒரு முதியவர். அதே மேசையில் அதே மேளம்.

நீதிமன்றத்துக்கே என்ன தீர்ப்புக் கொடுப்பது என்று தெரியவில்லை. வழக்கை கோபன்ஹேகனுக்கு எழுதி அறிவுறுத்தல் கேட்க முடிவு செய்தார்கள். அந்தப் பதில் வருமுன், விசாரணை நடந்து ஓரிரு நாளிலேயே, காவலில் தூங்கிக்கொண்டிருந்த அவரைப் புத்தி பேதலித்த ஒருவன் கோடாரியால் வெட்டிக் கொன்றான். தீர்ப்பு எழுதப்படாமலே வழக்கு முடிந்தது.

மேளம் மட்டும் கோபன்ஹேகனுக்குப் போனது. 1694இல் டென்மார்க் அரசரின் அபூர்வப் பொருட்களின் சேகரிப்பில் சேர்ந்தது.

எரிந்தவையும் எஞ்சியவையும்

அடுத்த வருடம், 1693இல், சுவீடன் பக்கத்தில் லார்ஸ் நில்சன் என்ற ஸாமியை ஆர்யெப்லூக் என்ற ஊரில் எரித்தார்கள். தண்ணீரில் விழுந்து இறந்த தன் பேரப்பிள்ளையை உயிர்ப்பிக்க வேண்டி, மேளத்தோடும் மர உருவங்களோடும் மன்றாடிக்கொண்டிருந்தபோது அகப்பட்டவர் அவர். மேளத்தையும் மர உருவங்களையும் அவரோடு சேர்த்தே எரித்தார்கள்.

பிறகு வந்தவர்கள் எரிப்பதைவிடச் சேகரிப்பதில் ஆர்வம் காட்டினார்கள். நோர்வேயில் தோமஸ் ஃபொன் வெஸ்டன் என்ற மதபோதகர் 1716க்கும் 1723க்கும் இடையில் மூன்று தடவை வடக்கே பயணம் செய்தார். அவரும் அவருடைய ஆட்களும் சேர்த்த மேளங்கள் சுமார் 100. பெரும் பகுதி கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1728இல் கோபன்ஹேகன் நகரம் பற்றி எரிந்தது. அந்த மேளங்களும் எரிந்தன. நெருப்பில் போடாமல் பாதுகாப்பாக வைத்திருந்தவையும் கடைசியில் நெருப்புக்கே போனது.

பயத்தில் பலர் மேளத்தை மலைப் பாறை இடுக்குகளில் ஒளித்தார்கள். எடுக்கத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும். சிலது ஐரோப்பிய அரசர்களுக்கும் பணக்காரர்களுக்கும் விநோதப் பொருட்களாக விற்கப்பட்டது. லண்டன், பெர்லின், ஸ்டொக்ஹோம் என்று நூதனசாலைகளில் பரந்து கிடக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் ஏர்ன்ஸ்ட் மாங்கர் என்ற சுவீடன் ஆய்வாளர் எஞ்சிய மேளங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். 1938இலும் 1950இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. அவர் பதிவு செய்தவை 71. ஒரு முழு மக்களின் நூற்றாண்டு கால நம்பிக்கையில் மிச்சம் அவ்வளவுதான்.

71 மேளங்கள், ஆயிரக்கணக்கான சின்ன உருவங்கள். அவற்றில் எழுதியவரின் அல்லது உரிமையாளரின் வாயாலேயே படத்துக்குப் படம் விளக்கம் பதிவானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் மிக முக்கியமானது அன்டெர்ஸ் பவுல்சனின் மேளம். மற்ற மேளங்களில் ஓர் உருவத்தைப் பார்த்து ஓர் ஆய்வாளர் 'கரடி' என்பார், இன்னொருவர் 'தெய்வம்' என்பார். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

அவர் சொன்னது உண்மையா?

இது வரலாறு படிப்பிப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் முக்கியமான கேள்வி.

அந்த வாக்குமூலத்தை ஆய்வு செய்தவர்கள் பலர் சொல்வது இதுதான்: அவர் கிறிஸ்தவப் பொருளைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பழைய தெய்வங்கள் இருந்த இடத்தில் பிதாவையும் மகனையும் மரியாளையும் வைத்துச் சொல்லியிருக்கலாம். தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்?

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஸாமிகள் கிறிஸ்தவர்களோடு பழகி அப்போது நெடுங்காலம் ஆகியிருந்தது. தேவாலயத்தின் உருவம் வேறு மேளங்களிலும் இருக்கிறது. எனவே அந்த முதியவர் உண்மையிலேயே இரண்டையும் மனதில் கலந்து வைத்திருந்திருக்கலாம். தாய் சொன்ன இடி தெய்வமும் பாதிரியார் சொன்ன மரியாளும் ஒரே தோலில் இருந்திருக்கலாம். சாதாரண மனிதர்களின் நம்பிக்கை பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டில் எது சரி? அவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அவரைக் கேட்டார்கள்தான். ஆனால் கேட்ட விதம் பிழை. பயமுறுத்திக் கேட்டால் பயத்தின் பதில்தான் கிடைக்கும். கேட்டவர்கள் அந்தப் பதிலை நம்பவும் இல்லை. நமக்கும் இன்று அதை முழுசாக நம்ப வழியில்லை. ஆனால் அதைவிட நல்ல பதிவு ஒன்றும் கையில் இல்லை. மேளத்தை எடுத்தவர்கள் மேளத்தை நன்றாகப் பாதுகாத்தார்கள். அதன் பொருளை அழித்துவிட்டார்கள்.

நான் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்வேன்: ஒரு ஆவணத்தை வாசிக்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். யார் கேட்டது, யார் எழுதியது, சொன்னவருக்கு அப்போது என்ன பயம் இருந்தது என்றும் கேளுங்கள்.

திரும்பி வந்த நாள்

அந்த மேளம் டென்மார்க் தேசிய நூதனசாலைக்குப் போய், 1979இல் நோர்வேயின் கராஷொக் என்ற ஊரில் உள்ள ஸாமி நூதனசாலைக்குக் கடனாக வந்தது. கவனியுங்கள், கடனாக. தம்முடைய முன்னோரின் மேளத்தை 40 வருடத்துக்கும் மேலாக ஸாமிகள் இன்னொருவரிடம் கடன் வாங்கி வைத்திருந்தார்கள். டென்மார்க் திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும். ஸாமிப் பாராளுமன்றம் பலமுறை கேட்டது. டென்மார்க் மகாராணிக்கும் கடிதம் எழுதினார்கள். 2022 ஜனவரியில் உரிமையே அவர்களுக்கு வந்தது. பறிக்கப்பட்டு 331ஆவது வருடம். அதே ஏப்ரலில் கராஷொக்கில் அந்த மேளத்துக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தார்கள்.

2021 நவம்பரில் சுவீடன் திருச்சபை, ஸாமி மக்களுக்குத் தான் செய்த கொடுமைகளுக்காக உப்சாலா பேராலயத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இன்னுமொரு விசயம். 1986இல் ஸாமிகள் தமக்கென்று ஒரு கொடியை ஏற்றுக்கொண்டார்கள். அதில் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ஒரு வட்டம் இருக்கிறது. சூரியனும் சந்திரனும். வரைந்தவர் அஸ்ட்ரிட் போல் என்ற ஸாமி ஓவியர். அந்த வட்டத்தின் வேர் மேளத்தில் எழுதிய சூரியன். யாருக்கும் காட்டாமல் பாறையிடுக்கில் ஒளித்த படம் இன்று கொடிக் கம்பத்தில் பறக்கிறது.

இன்றைய ஸாமிகளில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். மேளம் வைத்துக் குறி பார்ப்பவர்கள் அல்ல. ஆனாலும் அந்த மேளம் வேண்டும் என்று கேட்டார்கள். 'எங்கள் பெரியவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்' என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

நமது மேசையில் இருந்த றபான்

இனி அந்தப் பிள்ளையின் றபானுக்கு வருகிறேன்.

நம்மிடம் எவரும் வந்து பறிக்கவில்லை. அரசர் கட்டளை போடவில்லை. நாமே பரணில் போட்டோம். வீடு கட்டும்போது எறிந்தோம். சுனாமியில் போனது கொஞ்சம். "இது தேவையில்லாதது" என்று சொல்லி எரித்தது கொஞ்சம். அரபுத் தமிழ்க் கிதாபுகளை மையித்துத் துணியோடு சேர்த்துக் கட்டி மூலையில் வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுபது தாண்டியவர்கள்.

றபான் அடிப்பது கூடுமா கூடாதா, பாவாமாரின் வழக்கம் சரியா பிழையா என்று உலமாக்கள் பேசட்டும். அது அவர்களுடைய துறை. நான் அதற்குள் போகவில்லை. எனது வேண்டுகோள் அதைவிடச் சின்னது. சரி பிழை சொல்லுமுன், அது என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். தீர்ப்பை நாளைக்கும் சொல்லலாம். கேட்க நாளைக்கு ஆள் இருக்கமாட்டார்.

கேட்கும் விதமும் முக்கியம். ஒரு வயசாளிப் பாவாவிடம் போய், "இதெல்லாம் பித்அத் என்று தெரியாதா?" என்று தொடங்கினால் அவர் என்ன சொல்வார்? அன்டெர்ஸ் பவுல்சன் சொன்னதைத்தான் சொல்வார். நீங்கள் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டு, தெரிந்ததை நெஞ்சோடு கொண்டுபோய்விடுவார். ஒரு பிளேன்டீயோடு பக்கத்தில் இருந்து, "மூத்தவாப்பா, இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால் வேறு பதில் வரும்.

அந்த றபானை நான் பிள்ளையின் வாப்பாவிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போனேன். கண்ணாடியை மாற்றிப் போட்டு, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, அரை மணித்தியாலம் பார்த்தார். ஒரு பெயரை மட்டும் வாசிக்க முடிந்தது. மற்றது அழிந்துவிட்டது. அந்தப் பெயரைக் கொண்டு வந்து பிள்ளையின் வீட்டில் சொன்னேன். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. றபானைச் செய்து கொடுத்தவரா, கற்றுக் கொடுத்தவரா, வேறு யாருமா? தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

பிள்ளை அந்தப் பெயரைக் கொப்பியின் வெற்றிடத்தில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், றபானோ கிதாபோ பழைய உறுதியோ ஓடத்தின் பலகையோ எதுவானாலும், அதைப் பற்றித் தெரிந்தவர் இன்னும் ஹயாத்தோடு இருந்தால், இந்த வெள்ளி பின்னேரம் போய்ப் பக்கத்தில் இருங்கள். கைபேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்னால் பெயரை எழுதுங்கள். கருத்துப் பகுதியில் என்னோடும் பகிருங்கள். அடுத்த தவணைப் பிள்ளைகளுக்கு அது பாடமாகும், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளையின் மூத்தவாப்பாவுக்காகவும் துஆ செய்துகொள்ளுங்கள். ஸஹருக்கு ஓர் ஊரையே எழுப்பிய மனிதர்.